மயில்கள் ஆடிய பத்து நாள்: செயின்ட் பீட்டர்ஸ், மார்ச் 2022

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த "அப்புறம் பார்த்தீங்கன்னா"க்களில் பாதியை வெட்டியாச்சு. மீதி அப்படியே இருக்கு.)

இன்னைக்கு ஒரு காலேஜ் பாஸ்கெட்பால் டீமோட கதை. நம்ம நாட்டு டீம்கூட இல்லை, அமெரிக்கா. ஆனா முடியும்போது நம்ம ஊர் கிரவுண்டுக்குத்தான் வந்து நிற்போம், கொஞ்சம் பொறுமையா வாங்க.

2022 மார்ச் 18, வெள்ளிக்கிழமை. காலையில ஏழேகால் இருக்கும். அப்போ ஆபீஸ் முழுசா திறக்கலை, நான் உடன்குடியில வீட்டு மாடியில உட்கார்ந்து வேலை பார்த்துட்டு இருந்தேன். கருப்பட்டிக் காபி கையில. ஜெர்சி சிட்டியில இருந்த என் காலேஜ் ரூம்மேட் வாட்ஸ்அப்ல கூப்பிட்டான். அங்கே வியாழன் ராத்திரி பத்து மணி நெருக்கம். "மாப்ள, இந்தச் சத்தத்தைக் கேளு"ன்னு போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். ஒரே கார் ஹாரன், யாரோ கத்துறாங்க.

"என்னல, எலெக்‌ஷன் ரிசல்ட்டா?"

"இல்லல. பின்னாடி ஒரு காலேஜ் இருக்கு. பாஸ்கெட்பால்ல கென்டக்கியை அடிச்சிருச்சாம்."

"கென்டக்கின்னா சிக்கன் கடைல்ல?"

எங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக்கப்புறம் பத்து நாள் நான் பண்ணின ஒரே உருப்படியான வேலை இந்த டீமைப் பத்திப் படிச்சதுதான். ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு ஸ்கோர் பார்த்திருக்கேன்.

ஆன்சைட் போன நிறைய பேருக்கு அந்த இடம் நல்லாவே தெரியும். ஜெர்சி சிட்டி, ஜர்னல் ஸ்கொயர். பக்கத்துலயே நியூவார்க் அவென்யூ, இந்தியா ஸ்கொயர், தோசை, மளிகை எல்லாம் கிடைக்கும். ரயில் ஏறினா கொஞ்ச நேரத்துல மன்ஹாட்டன். அங்கேயிருந்து நடந்து போற தூரத்துல கென்னடி பொலவார்ட் மேல இருக்கு செயின்ட் பீட்டர்ஸ் யுனிவர்சிட்டி. 1872ல சேசு சபை ஆரம்பிச்சது. பாளையங்கோட்டை செயின்ட் சேவியர்ஸ், சென்னை லயோலா நடத்துற அதே சபை. அந்தச் சபையோட முதல் ஆட்கள்ல ஒருத்தரான பிரான்சிஸ் சவேரியார் 1542ல வந்து தங்கின கரை எங்க ஊர் பக்கத்து மணப்பாடு. அதனால எனக்கு இது ஒருவகையில பங்காளி காலேஜ்னு வெச்சுக்கோங்க.

இன்னொரு சொந்தமும் இருக்கு. டீமோட பேரு 'பீகாக்ஸ்', மயில்கள். திருச்செந்தூர்க்காரனுக்கு இதைவிட என்ன வேணும்? காரணம் வேடிக்கையானது. 1630ல அந்த நிலப்பகுதியை வாங்கின டச்சு வியாபாரி பேரு மைக்கேல் பாவ். டச்சு மொழியில 'பாவ்'னா மயில். அந்தக் குடியேற்றத்துக்குப் 'பாவோனியா'ன்னு பேர் வெச்சான். நானூறு வருஷம் கழிச்சு அந்தப் பேர் பாஸ்கெட்பால் ஜெர்சி மேல உட்கார்ந்திருக்கு.

சரி, இந்தப் போட்டி என்னன்னு முதல்ல பார்ப்போம். அமெரிக்காவுல காலேஜ் பாஸ்கெட்பாலின் மேல்மட்டத்துல 350க்கும் மேல டீம் இருக்கு. எல்லாரும் எல்லார்கூடவும் ஆட முடியாது, அதனால 'கான்ஃபரன்ஸ்'னு குழுவா பிரிச்சு வெச்சிருக்காங்க, 2022ல 32 குழு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சீசன். அப்புறம் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள்ள ஒரு சின்ன நாக்-அவுட் வைக்கும். அதுல ஜெயிச்ச டீமுக்கு தேசியப் போட்டிக்கு நேரடி டிக்கெட், 2022ல அப்படி 32 டீம். மிச்ச இடத்தை ஒரு கமிட்டி உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும், அந்த வருஷம் 36 இடம். மொத்தம் 68. முதல் சுற்று முன்னோட்டத்துல நாலு டீமைக் கழிச்சு 64 ஆக்கி, நாலு பிரிவா போட்டு, ஒவ்வொரு பிரிவுலயும் 1 முதல் 16 வரை ரேங்க். 1க்கும் 16க்கும் ஆட்டம், 2க்கும் 15க்கும் ஆட்டம். ஒரு தடவை தோத்தா வீட்டுக்கு. ஆறு தடவை ஜெயிச்சா சாம்பியன். மூணு வார இறுதியில முடிஞ்சிரும். இதைத்தான் 'மார்ச் மேட்னஸ்'னு சொல்றாங்க.

இதுல ஒரு நுணுக்கம் கவனிங்க. கமிட்டி தேர்ந்தெடுக்கிற இடங்கள் பெரும்பாலும் பணக்காரக் கான்ஃபரன்ஸ்களுக்குத்தான் போகும். அதனால சின்னக் கான்ஃபரன்ஸ்ல இருக்கிற டீமுக்கு நவம்பர்ல இருந்து ஆடின ஆட்டமெல்லாம் இன்டர்னல் மார்க் மாதிரி. இருந்தா நல்லது. மார்ச்ல மூணு நாலு நாள்ல நடக்கிற அந்தக் கான்ஃபரன்ஸ் நாக்-அவுட்தான் உண்மையான பரீட்சை. வருஷம் முழுக்க முதல் இடத்துல இருந்தவன் ஒரு நாள் சாயங்காலம் தடுக்கி விழுந்தா, கதை முடிஞ்சது.

செயின்ட் பீட்டர்ஸுக்கு அதுதான் கதவைத் திறந்தது. அவங்க இருந்த மெட்ரோ அட்லாண்டிக் கான்ஃபரன்ஸ்ல அந்த வருஷம் முதல் இடம் அயோனா. கோச் ரிக் பிட்டினோ, பெரிய ஆள், இதுக்கு முன்னாடி தேசிய சாம்பியன் பட்டம் வாங்கினவர். செயின்ட் பீட்டர்ஸ் 14 வெற்றி 6 தோல்வியோட ரெண்டாவது. சீசன் ஆரம்பம் சரியில்லை. கிறிஸ்துமஸ் சமயத்துல கோவிட்னால சில வாரம் ஆட்டமே இல்லை. பிப்ரவரி பிற்பகுதி வரைக்கும் மொத்தக் கணக்கு 12 வெற்றி, 11 தோல்வி. இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு இந்த டீம் சரித்திரம் படைக்கும்னு சொல்லியிருந்தா யாரும் சிரிக்கக்கூட மாட்டாங்க, கவனிச்சிருக்கவே மாட்டாங்க.

அதுக்கப்புறம் தொடர்ந்து ஏழு வெற்றி. அதுல கடைசி மூணு, அட்லாண்டிக் சிட்டியில நடந்த கான்ஃபரன்ஸ் நாக்-அவுட். அங்கே அயோனா காலிறுதியிலேயே ஒன்பதாம் ரேங்க் ரைடர்கிட்ட தோத்துப் போச்சு. மார்ச் 12 ஃபைனல்ல செயின்ட் பீட்டர்ஸ் 60, மன்மவுத் 54. டிக்கெட் கைக்கு வந்தது. இதுக்கு முன்னாடி 1991, 1995, 2011னு மூணு தடவை தேசியப் போட்டிக்குப் போயிருக்காங்க. மூணு தடவையும் முதல் ஆட்டத்திலேயே வெளியே. இந்தத் தடவை கிடைச்ச ரேங்க் 15. எதிரே 2ஆம் ரேங்க் கென்டக்கி.

கென்டக்கின்னா என்னன்னு சொல்லணும்ல. எட்டு தடவை தேசிய சாம்பியன். கோச் ஜான் கலிபாரியோட ஒரு வருஷச் சம்பளம் 80 லட்சம் டாலருக்கு மேல. செயின்ட் பீட்டர்ஸ் ஆண்கள் பாஸ்கெட்பால் டீமுக்கு ஒரு வருஷம் ஆகுற மொத்தச் செலவே சுமார் 16 லட்சம் டாலர்தான், அதுல கோச், பயணம், சாப்பாடு எல்லாம் அடக்கம். காலேஜ்லயே இளங்கலை மாணவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். நம்ம ஊர்ல ஒரு நடுத்தர இன்ஜினியரிங் காலேஜ் அளவு.

மார்ச் 17, இண்டியானாபோலிஸ். பந்தயக் கணக்குப்படி கென்டக்கி சுமார் 18 புள்ளி வித்தியாசத்துல ஜெயிக்கணும். கென்டக்கியோட ஆஸ்கர் ஷீப்வே 30 புள்ளி, 16 ரீபவுண்ட் எடுத்தாரு. அந்த வருஷத்தோட சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான் போச்சு. அவர் சரியாத்தான் ஆடினாரு. ஆனா செயின்ட் பீட்டர்ஸ் பக்கம் டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி. பெஞ்ச்ல இருந்து வந்த டக் எடர்ட், மெல்லிசா மீசை வெச்ச பையன், 20 புள்ளி. கடைசி அரை நிமிஷத்துக்குள்ள எடர்ட் போட்ட பந்து ஸ்கோரை 71-71 ஆக்கினது. ஓவர்டைம். அங்கே 85-79.

நான் ஹைலைட்ஸை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு தெரியாது. எனக்குப் பிடிச்ச இடம் அந்த ஷாட் இல்லை. ஓவர்டைம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெஞ்ச்ல இருக்கிற முகங்கள். கென்டக்கி பக்கம் எல்லாரும் ஏதோ தப்பு நடந்த மாதிரி நிக்கிறாங்க. இந்தப் பக்கம் பையன்க சும்மா தண்ணி குடிச்சுட்டு இருக்காங்க.

ரெண்டு நாள் கழிச்சு மர்ரே ஸ்டேட். அவங்களும் சின்னக் காலேஜ்தான், ஆனா அப்போ 31 வெற்றி, 2 தோல்வி. தொடர்ந்து 21 ஆட்டம் தோக்காம வந்தவங்க. 70-60. கே.சி. என்டெஃபோன்னு ஒரு ஃபார்வர்ட், 17 புள்ளி, 10 ரீபவுண்ட், 6 பிளாக். இந்த ஆளு அந்தக் கான்ஃபரன்ஸ்ல தொடர்ந்து மூணு வருஷம் சிறந்த டிஃபென்ஸ் வீரர். கோச் ஷஹீன் ஹாலோவேகிட்ட பத்திரிகைக்காரங்க பயம் இருக்கான்னு கேட்டப்போ, என் பையன்க நியூ ஜெர்சியிலயும் நியூயார்க்லயும் வளர்ந்தவங்க, இவங்களா பயப்படுவாங்கங்கிற அர்த்தத்துல பதில் சொன்னாரு. ஹாலோவேயே குவீன்ஸ்காரர். 1996ல பள்ளி அளவிலான நட்சத்திரப் போட்டியில, கோபி பிரையன்ட் ஆடின அதே ஆட்டத்துல, சிறந்த வீரர் விருது வாங்கினவர். 2000ல சீட்டன் ஹாலுக்காக இதே தேசியப் போட்டியில கடைசி ரெண்டு விநாடி இருக்கும்போது கூடையில போட்டு ஜெயிச்சுக் கொடுத்தவர். அடுத்த ஆட்டத்திலேயே கணுக்கால்ல அடிபட்டு உட்கார்ந்துட்டாரு. இந்த சீட்டன் ஹால் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மார்ச் 25, பிலடெல்பியா. எதிரே பர்டூ, 3ஆம் ரேங்க். இதுக்கு முன்னாடி எந்த 15ஆம் ரேங்க் டீமும் இந்தக் கட்டத்தைத் தாண்டினதில்லை. 2013ல ஃப்ளோரிடா கல்ஃப் கோஸ்ட், 2021ல ஓரல் ராபர்ட்ஸ், ரெண்டும் இங்கேதான் நின்னுச்சு. பர்டூவுல சாக் ஈடின்னு ஒரு சென்டர், 2.24 மீட்டர் உயரம். செயின்ட் பீட்டர்ஸ்ல அவரைத் தடுக்கப் போன என்டெஃபோ ரெண்டு மீட்டர் சொச்சம். மாலி நாட்டுல இருந்து வந்த இரட்டையர் ஹசன் டிராமே, ஃபூசேனி டிராமே மாறி மாறிப் போய் முட்டினாங்க. ஒவ்வொரு பந்தையும் பர்டூ கஷ்டப்பட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில மூணு புள்ளி வித்தியாசம். பர்டூவோட ஜேடன் ஐவி, சில மாசத்துல என்.பி.ஏ. டிராஃப்ட்ல ஐந்தாவதா போனவர், சமன் பண்ண ஒரு த்ரீ எறிஞ்சாரு. விழலை. 67-64. தேசியப் போட்டியில கடைசி எட்டுக்கு வந்த முதல் 15ஆம் ரேங்க் டீம்.

மார்ச் 27. நார்த் கரோலினா. 69-49. இடைவேளையிலேயே 38-19. அர்மாண்டோ பேகாட் 22 ரீபவுண்ட் எடுத்தாரு. அதைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்லை. அந்த நார்த் கரோலினா ஃபைனல் வரைக்கும் போய் கான்சாஸ்கிட்ட மூணு புள்ளியில தோத்தது.

இப்போ இன்ஜினியர் புத்திக்கு வர்றேன், ரெண்டு நிமிஷம் தாங்கிக்கோங்க. இது அதிசயமா? 1985ல இருந்து 2022 வரைக்கும், 2020 கோவிட் வருஷத்தைக் கழிச்சு, 2க்கும் 15க்கும் நடந்த ஆட்டம் மொத்தம் 148. அதுல 15 ஜெயிச்சது 10 தடவை. சுமார் 7 சதவீதம். அதாவது அபூர்வம், ஆனா நடக்காத காரியம் இல்லை. காரணம், ஒரே ஆட்டம். ஒரு ஆட்டத்துல ஒவ்வொரு பக்கமும் சுமார் எழுபது தடவைதான் பந்தை எடுத்துட்டுப் போறாங்க. எழுபது சாம்பிள்ல அதிர்ஷ்டத்துக்கு நிறைய இடம் இருக்கு. டெஸ்ட் மேட்ச்ல சின்ன டீம் ஜெயிக்கிறது கஷ்டம், டி20ல ஜெயிச்சிரும்னு நமக்குத் தெரியும்ல, அதே கணக்கு.

இன்னும் துல்லியமா பார்க்கணுமா? ஒரு ஆட்டத்துல ஜெயிக்க உங்களுக்கு 10 சதவீத வாய்ப்புன்னு வைங்க. என்.பி.ஏ. பிளே-ஆஃப் மாதிரி ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிக்கணும்னா அந்த வாய்ப்பு 0.27 சதவீதமா விழுந்திரும். ஆயிரம் தடவை நடத்தினா மூணு தடவைதான். நாக்-அவுட்ங்கிறது திறமையைக் கண்டுபிடிக்க நல்ல அல்காரிதம் இல்லை. ஆனா ஏழைக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிற அல்காரிதம். அமெரிக்கா வேணும்னேதான் அதை வெச்சிருக்கு, ஏன்னா அந்தப் பத்து நாள் டிராமாவுக்குத்தான் டிவி காசு கொடுக்குது.

அதிர்ஷ்டம் மட்டும்னு சொன்னா அந்தப் பையன்களுக்கு அநியாயம் பண்ணின மாதிரி. மூணு தடவை தொடர்ந்து அதிர்ஷ்டம் வராது. அந்த டீம் பத்துப் பேருக்கு மேல மாத்தி மாத்தி இறக்கும். முதல் ஸ்கோரர் பேங்க்ஸோட சராசரியே ஆட்டத்துக்குப் பதினோரு புள்ளி அளவுதான். நட்சத்திரம் இல்லாததனால ஒருத்தரை மடக்கினா போதும்ங்கிற திட்டம் எதிராளிக்குக் கிடையாது. ஆட்டம் முழுக்க டிஃபென்ஸ்ல அடிச்சு, வேகத்தைக் குறைச்சு, ஸ்கோரைக் கீழேயே வெச்சிருப்பாங்க. வேகம் குறைஞ்சா சாம்பிள் குறையும், சாம்பிள் குறைஞ்சா சின்ன டீமுக்கு லாபம். இது எல்லாத்தையும்விட முக்கியமான ஒண்ணு: பேங்க்ஸ், எடர்ட், மேத்யூ லீ, டிராமே சகோதரர்கள், எல்லாரும் 2019ல ஒண்ணா சேர்ந்தவங்க. என்டெஃபோ அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி. கென்டக்கி மாதிரி இடத்துல திறமைசாலி பையன் ஒரு வருஷம் ஆடிட்டு என்.பி.ஏ.வுக்குப் போயிருவான். இங்கே யாரும் தேடி வரலை, அதனால ஒண்ணாவே வளர்ந்தாங்க. மூணு வருஷம் ஒரே ஹாஸ்டல், ஒரே கிரவுண்ட். பந்தை யார் எங்கே நின்னு கேட்பான்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவாங்க.

அப்போ, ஜெயிச்சதும் என்ன ஆச்சு? அவங்களைத் தேடி ஆள் வந்துட்டாங்க.

நார்த் கரோலினாகிட்ட தோத்தது மார்ச் 27. மார்ச் 30 அன்னைக்கு ஹாலோவே சீட்டன் ஹாலோட புது கோச். அவர் படிச்ச காலேஜ். பழைய கோச் மேரிலாண்டுக்குப் போனதே மார்ச் 21 வாக்குலதான், அதாவது மயில்கள் இன்னும் ஆடிக்கிட்டு இருக்கும்போதே அந்த நாற்காலி காலி. எல்லாருக்கும் தெரியும் யார் உட்காரப் போறாங்கன்னு. அடுத்த சில வாரத்துல என்டெஃபோவும் சீட்டன் ஹாலுக்குப் போனாரு. பேங்க்ஸ் செயின்ட் பொனவென்சர். எடர்ட் பிரையன்ட். லீ மிசூரி ஸ்டேட். டிராமே சகோதரர்கள் லா சால். மூணு வருஷம் கட்டினது வசந்தகாலம் முடியறதுக்குள்ள கலைஞ்சது.

இது அந்த வருஷம் நடந்ததுக்குக் காரணம் இருக்கு. முன்னாடி காலேஜ் மாறினா ஒரு வருஷம் பெஞ்ச்ல உட்காரணும். 2021 ஏப்ரல்ல, ஒரு தடவை மாறினா உடனே ஆடலாம்னு விதியை மாத்தினாங்க. அதே வருஷம் ஜூலை 1ல இருந்து மாணவர்கள் தங்களோட பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம்னு ஆச்சு. எடர்ட் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே ஒரு சிக்கன் விங்ஸ் கடைச் சங்கிலியோட ஒப்பந்தம் போட்டாரு. சிக்கன்தான் கடைசியில. 2025ல இன்னும் ஒரு படி மேல போய், காலேஜே நேரடியா வீரர்களுக்குப் பணம் கொடுக்கலாம்னு கோர்ட் ஒப்பந்தம் வந்திருக்கு. 2025-26க்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். செயின்ட் பீட்டர்ஸோட அந்த 16 லட்சத்தை ஞாபகப்படுத்திக்கோங்க.

நான் இதைத் தப்புன்னு சொல்ல வரலை. பல பத்து வருஷமா அந்தப் பையன்களை வெச்சு டிவி, கோச், காலேஜ் எல்லாரும் கோடிகள் சம்பாதிச்சாங்க, ஆடினவனுக்கு மட்டும் ஃபீஸும் சாப்பாடும். அது அநியாயம், சரி பண்ணினது நியாயம். ஆனா சரி பண்ணின விதத்துல ஒரு பக்கவிளைவு இருக்கு. சின்ன இடத்தோட ஒரே ஆயுதம், ஆள் ஒண்ணா இருந்து வளர்றது. அது போச்சு. 2025ல கடைசி 16க்கு வந்த டீம்கள் எல்லாமே நாலு பணக்காரக் கான்ஃபரன்ஸ்ல இருந்து வந்தவை, ஒண்ணு விடாம. அந்த 16ல மிகக் கீழ் ரேங்க் 10, அர்கன்சா. கோச் யார்னா, கென்டக்கியை விட்டு வந்த கலிபாரி. அவங்க அதுக்கு முந்தின சுற்றுல யாரை ஜெயிச்சாங்கன்னா செயின்ட் ஜான்ஸை, கோச் அதே அயோனா பிட்டினோ. பெரியவங்க எப்படியோ திரும்பத் திரும்பச் சந்திச்சுக்கிறாங்க.

செயின்ட் பீட்டர்ஸுக்கு எதுவுமே மிஞ்சலையான்னா, மிஞ்சினது. தேசியப் போட்டியில ஃபைனலைத் தவிர ஒரு டீம் ஆடுற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதோட கான்ஃபரன்ஸுக்கு ஒரு 'யூனிட்' கிடைக்கும். ஆறு வருஷத்துல சுமார் 20 லட்சம் டாலர். நாலு ஆட்டம் ஆடினதால நாலு யூனிட், அதை எல்லா காலேஜும் பங்கு போட்டுக்கும். 2024ல புது கோச் பஷீர் மேசனோட திரும்பவும் கான்ஃபரன்ஸை ஜெயிச்சு திரும்பவும் 15ஆம் ரேங்க். டென்னசிகிட்ட 83-49. கணக்குல மீதி 93 சதவீதம்னு ஒண்ணு இருக்குல்ல.

சரி, நம்ம பக்கம் வருவோம். நம்ம ஊர்ல ஏன் ஒரு செயின்ட் பீட்டர்ஸ் வராதுன்னு யோசிச்சிருக்கீங்களா? எங்க ஊர் பக்கம் முதல் காரணம் மண். உடன்குடியைச் சுத்தி தேரிக்காடு, செம்மணல், பனை. அதுல பந்து எழும்பாது. டிரிபிள் பண்ணவே முடியாது. அதனால எங்க பக்கம் வாலிபால். ரெண்டு கம்பு, ஒரு வலை, விழுந்தாலும் முட்டி பேராது. பாஸ்கெட்பாலுக்கு சிமெண்ட் தரை வேணும், காம்பவுண்ட் வேணும், அதனால அது இங்கே வந்த நாள்ல இருந்தே ஒய்.எம்.சி.ஏ., மிஷன் பள்ளி, பெரிய காலேஜ்னு கட்டடம் இருக்கிற இடத்துல வளர்ந்த ஆட்டம். ஹாரி பக்னு ஒரு அமெரிக்கர் 1920ல சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பிச்சாரு. அங்கே படிச்ச பி.டி. சார்களும் அவங்க மாணவர்களும்தான் இதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனாங்க.

ரெண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது, அதிகம் பேசப்படாதது. நம்ம நாட்டுல தேசிய அளவு போட்டி காலேஜுக்கு இல்லை, பல்கலைக்கழகத்துக்கு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துது. முதல்ல தென் மண்டலம் மாதிரி மண்டலப் போட்டி, அதுல முதல் நாலு இடம் வந்தவங்க அகில இந்தியப் போட்டிக்கு. இப்போ திருச்செந்தூர்லயோ தூத்துக்குடியிலயோ ஒரு கலைக் கல்லூரி நல்ல டீம் வெச்சிருக்குன்னு வைங்க. அது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோட இணைப்புக் கல்லூரி. அவங்க பல்கலைக்கழகத்துக்குள்ள மத்த காலேஜ்களை ஜெயிக்கலாம். அத்தோட சரி. அதுக்கு மேல போறது பல காலேஜ்ல இருந்து பொறுக்கி எடுத்த பல்கலைக்கழக டீம். மூணு வருஷம் ஒண்ணா ஆடின பன்னிரண்டு பேர்ல ரெண்டு பேர் போவான், பத்துப் பேர் பஸ் ஏறி வீட்டுக்கு வருவான். சொந்தமா பல்கலைக்கழக அந்தஸ்து வெச்சிருக்கிற பெரிய தனியார் நிறுவனங்களுக்கு இந்தப் பிரச்சனையே இல்லை. ஒரே வளாகம், ஒரே டீம், ஒரே ஹாஸ்டல், நேரா மண்டலப் போட்டி.

நான் படிச்சது அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கிற ஒரு இன்ஜினியரிங் காலேஜ். அப்படி நானூறுக்கும் மேல இருக்கு. நான் பாஸ்கெட்பால் டீம்ல பன்னிரண்டாவது ஆள், தண்ணி பாட்டில் கேப்டன். மூணாவது வருஷம் எங்க டீம் நல்லாவே ஆடிச்சு. எங்க பாயிண்ட் கார்டை மட்டும் பல்கலைக்கழக முகாமுக்குக் கூப்பிட்டாங்க. நாங்க எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினோம். அவனோட ஒரு பாஸ், அது போற வழியில எங்க சென்டர் நிப்பான்னு பார்க்காமலே போடுவான். முகாம்ல போய் அதே பாஸைப் போட்டிருக்கான், அங்கே யாரும் நிக்கலை. அவனே சிரிச்சுட்டுச் சொன்னது.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ எங்க பள்ளிக்கூடத்து பி.டி. சாரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிட்டாரு, ஆனா சாயங்காலம் வாலிபால் கிரவுண்டுல இருப்பாரு. அவர் ஆறாம் வகுப்புல இருந்து சேர்த்து வளர்த்த ஒரு செட் பையன்க ரெண்டு வருஷம் முன்னாடி சுத்துவட்டாரத்துல பெரிய பெரிய டீமை எல்லாம் அடிச்சாங்க. அடுத்த ஜூன்ல ஆறு பேர்ல மூணு பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வெளியூர் போயாச்சு. சார்கிட்ட மொபைல்ல அந்தக் கென்டக்கி ஆட்டத்தைக் காட்டினேன். எடர்ட் ஷாட்டுக்கு முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. முழுசா பார்த்துட்டுக் கேட்டாரு:

"இவனுவ எத்தன வருஷமா சேர்ந்து ஆடுதானுவ?"

"மூணு வருஷம் சார்."

"அதான். இப்ப?"

"எல்லாரும் வேற வேற காலேஜ் போயிட்டாங்க சார்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஃபீஸ் யாரு கெட்டுதா?"ன்னாரு.

"காலேஜே கட்டும் சார். இப்பல்லாம் கையில பணமும் கொடுக்காங்க."

"பின்ன போவ வேண்டியதுதானல தம்பி"ன்னாரு. சொல்லிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன் காலை அகட்டி நிக்கிற விதம் சரியில்லைன்னு கத்தப் போயிட்டாரு.

ஜர்னல் ஸ்கொயர்ல இருந்து இதைக் கேட்கிறவங்க யாராவது இருந்தா, அந்தக் காலேஜோட அரங்கத்துக்கு ஒரு தடவை போய் ஒரு ஆட்டம் பாருங்க. பேரு 'ரன் பேபி ரன் அரீனா'. 1968ல இதே காலேஜ் டியூக்கை அடிச்சப்போ அந்த டீமுக்கு இருந்த பட்டப்பேரு அது. போய்ப் பார்த்துட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன். என் ரூம்மேட்டை நம்பிப் பிரயோஜனமில்லை. பின்னாடியே ஒன்றரை வருஷம் இருந்தும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கலை அவன். 2023லயே டாலஸுக்கு மாறிட்டான். கேட்டா, பெட்டர் ஆஃபர் மாப்ளங்கிறான்.